வாங்கு, பஞ்சம், முகத்துவாரம்: மைக் டேவிஸை வாசிக்கத் தொடங்குவோருக்கு

1980களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தின் பஸ் தரிப்பிடங்களில் ஒரு புதுவகை வாங்கு வந்தது. அதன் மேற்பக்கம் பீப்பாய் மாதிரி வளைந்திருக்கும். பஸ் வரும்வரை கொஞ்ச நேரம் குந்தியிருக்கலாம். படுக்கப் பார்த்தால் உருண்டு விழவேண்டியதுதான். "வீடில்லாதவர்கள் இங்கே தூங்கக்கூடாது" என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. பொலிஸ்காரர் பிரம்போடு நிற்கவும் இல்லை. அந்த வேலையை வாங்கே பார்த்துக்கொண்டது.

அதே நகரத்தில் வீடற்றவர்கள் அதிகம் கூடும் பகுதிக்கு ஸ்கிட் ரோ என்று பெயர். அங்கே ஒரு பூங்காவில் இரவு முழுவதும் நேரங்கெட்ட நேரத்தில் தண்ணீர் பீய்ச்சும்படி குழாய்கள் பூட்டினார்கள். புல் வளர்வதற்காக அல்ல, புல்லில் படுத்திருப்பவன் எழும்பி ஓடுவதற்காக. ஒரு கடலுணவுக் கடைக்காரர் தன் குப்பையிலிருந்து யாரும் மிச்சச் சாப்பாடு பொறுக்கக்கூடாது என்பதற்காக, கூர்முனை வைத்த இரும்புக் கூண்டு ஒன்றை 12,000 டொலர் செலவில் செய்வித்தார். குப்பைக்கு.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சில்லறை விடயங்கள். இவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, "இந்த நகரம் யாருக்கு எதிராகக் கட்டப்படுகிறது?" என்று கேட்டவர் அமெரிக்க எழுத்தாளர் மைக் டேவிஸ். 1990இல் வெளிவந்த அவருடைய ‘சிற்றி ஒஃப் குவார்ட்ஸ்’ நூலில் இந்த வாங்கும் குழாயும் கூண்டும் வருகின்றன. நகரம், வர்க்கம், அதிகாரம் பற்றிப் படிக்கிற பிள்ளைகள் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பாடத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் புத்தகங்களைத் திறந்தால் முதல் ஐம்பது பக்கத்திலேயே கலிபோர்னியாவின் காணி வியாபாரிகளும் பத்திரிகை முதலாளிகளும் வரிசையாக வந்து தலையைச் சுற்ற வைப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த முதல் தடங்கலைத் தாண்டுவதற்கு.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எழுத்தின் தொனி அங்கிருந்துதான் வருகிறது. 1946இல் கலிபோர்னியாவின் ஃபொன்ரானா என்ற இடத்தில் பிறந்தவர். தகப்பனுக்கு இதய நோய் வந்தபோது பதின்ம வயதிலேயே இறைச்சி வெட்டும் வேலைக்குப் போனார். லொறி ஓட்டினார். 1960களில் கறுப்பின மக்களின் சிவில் உரிமை இயக்கத்திலும் மாணவர் இயக்கத்திலும் நின்றார். பல்கலைக்கழகத்துக்குப் போனது இருபதுகளின் கடைசியில், அதுவும் இறைச்சித் தொழிலாளர் சங்கம் கொடுத்த புலமைப்பரிசிலில். பிறகு லண்டனில் ஓர் இடதுசாரிச் சஞ்சிகையில் ஆசிரியராக வேலை செய்தார். 2022 ஒக்டோபரில் காலமானார். கண்ணாடி அறைக்குள் இருந்து நகரத்தைப் பார்த்த பேராசிரியர் அல்ல; லொறிச் சாரதியின் கண்ணால், எந்த வாசலால் சாமான் இறங்குகிறது, எந்த வாசலால் ஆள் துரத்தப்படுகிறான் என்று பார்த்தவர்.

அவர் இருபதுக்குக் கிட்ட நூல்கள் எழுதினார். அமெரிக்கத் தொழிலாளர் வரலாறு, காட்டுத்தீ, பறவைக் காய்ச்சல், கார்க்குண்டின் வரலாறு என்று தலைப்புகள் எங்கெங்கோ போகின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுகிறது. ஏதோ ஒன்றை நாம் "இயற்கை" என்கிறோம், "சந்தை நிலவரம்" என்கிறோம், "நகர அபிவிருத்தி" என்கிறோம். அதற்குள் யாரோ எடுத்த ஒரு தீர்மானம் ஒளிந்திருக்கிறதா? எடுத்தது யார்? அதன் விலையைக் கொடுத்தது யார்? இந்த மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் அவருடைய எந்தப் புத்தகத்துக்குள்ளும் நுழையலாம்.

கோட்டை

முதலில் ‘சிற்றி ஒஃப் குவார்ட்ஸ்’. லொஸ் ஏஞ்சலிஸ் என்றால் சினிமா, கடற்கரை, வெயில் என்றுதான் நமக்குத் தெரியும். டேவிஸ் காட்டுவது அந்த நகரத்தின் காணி உறுதியை. 1913இல் நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்து, ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து, கால்வாய் வெட்டி அந்த வறண்ட ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்துக் காணிகளை மலிவாக வாங்கிப் போட்டிருந்தார்கள். ஊரின் பெரிய பத்திரிகையை வைத்திருந்த குடும்பமும் அதில் உண்டு. பத்திரிகை கால்வாயைப் புகழ்ந்து எழுதியதில் என்ன ஆச்சரியம்?

அடுத்து வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்கள். இவை என்ன பெரிய அதிகாரம் என்று தோன்றும். புறநகரில் சொந்த வீடு வைத்திருக்கும் நடுத்தர வர்க்கம்; புல்வெட்டு, மரம், அமைதி என்று பேசுகிற ஆட்கள். ஆனால் தங்கள் பகுதியில் தொடர்மாடி வரக்கூடாது, வாடகைக்காரர் வரக்கூடாது, தங்கள் வரி ஏறக்கூடாது என்று அவர்கள் சேர்ந்து நின்றபோது அந்த மாநிலத்தின் அரசியலே திரும்பியது. 1978இல் கலிபோர்னியாவில் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்ட ‘முன்மொழிவு 13’ வாக்கெடுப்பில் வென்றது. வரி குறைந்தது; பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் போகிற காசும் குறைந்தது. ஆயுதம் தூக்காமல், குரல் உயர்த்தாமல், சட்டப்படி நடந்த வர்க்கப் போராட்டம் அது என்பது டேவிஸின் வாசிப்பு. அதை நடத்தியது வசதியுள்ள பக்கம்.

அப்புறம்தான் அந்தப் புகழ்பெற்ற கோட்டை அத்தியாயம். வாங்குகள், கமராக்கள், காவலாளி நிற்கும் படலை வைத்த குடியிருப்புகள், பொதுக் கழிப்பறை இல்லாத நகர மையம். வீட்டுக் கூரைகளில் பெரிய எழுத்தில் தெரு இலக்கம் எழுதியிருப்பார்கள், மேலே பறக்கும் பொலிஸ் ஹெலிகொப்டருக்குத் தெரிவதற்காக. வாசலில் குடும்பப் பட்டியலோடு ஆமி நின்ற காலத்தைக் கண்ட நமக்கு இந்த வரியை யாரும் விளக்கத் தேவையில்லை. நூல் வந்து 2 வருடத்தில், 1992 ஏப்ரல் கடைசியில், ரொட்னி கிங் என்ற கறுப்பின மனிதரை அடித்த பொலிஸார் விடுதலையானதும் நகரம் பற்றி எரிந்தது. 50க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். டேவிஸ் ஆரூடம் சொன்னவர் என்று எல்லோரும் அவரைத் தேடிப் போனார்கள். ஆரூடம் ஒன்றும் இல்லை. யாரை எங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நடந்து பார்த்தவருக்குத் தெரிந்த கணக்கு அது.

மட்டக்களப்பில் கோட்டை என்பது உவமை அல்ல, கல்லால் கட்டிய கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் தொடங்கியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர். சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம், அதற்குள்ளேயே இருந்தது. காணி, கூப்பன், நட்டஈடு எதுவென்றாலும் சனம் கோட்டை வாசலால்தான் உள்ளே போகவேண்டும். டேவிஸ் இதைக் கண்டிருந்தால் ஒரு அத்தியாயமே எழுதியிருப்பார் என்று நினைப்பேன்.

ஆனால் நம்முடைய வர்க்க எல்லையைக் கோட்டைச் சுவரில் தேடுவதைவிட வாவியில் தேடுவது நல்லது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் பட்டினம், கடல், பிரதான வீதி, பெரிய ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடங்கள். படுவான்கரையில் வயல், மாடு, குளம். நெல் அந்தப் பக்கம் விளைகிறது, பெரிய வயற்சொந்தக்காரரான போடியார் பலர் இந்தப் பக்கம் வீடு வைத்திருந்தார்கள். வயலைப் பார்க்க முல்லைக்காரன், வெட்ட கூலிக்காரன். நடுவில் வாவி. அதைக் கடக்கப் பல இடங்களில் பாலம் இல்லை, ‘பாதை’ என்று நாம் சொல்கிற அந்தத் தட்டையான படகுதான். காற்று மழைக்கு அது ஓடாது. நேரம் போனால் ஓடாது. இரவில் பிள்ளைப்பேறு வலி வந்த ஒரு பெண்ணுக்கு அந்த நீர்ப்பரப்பு எத்தனை அகலம் என்று யோசித்துப் பாருங்கள். யுத்தத்தில் 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில், பட்டினம் ஆமியின் கையில். அதே வாவி எல்லைக்கோடாகவும் ஆனது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு விடிவு வந்தது.

இப்போது டேவிஸின் கேள்வியைப் போடலாம். கல்லடியில் ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலமும் இருக்கிறது, 2013இல் திறந்த புதிய பாலமும் இருக்கிறது. மண்முனைக்கு ஒரு பாலம் வர இத்தனை காலம் ஆனது ஏன்? வாவி ஆழம் என்பதாலா? இல்லை. அந்தப் பக்கம் நின்றவர்களின் நேரத்துக்கு விலை குறைவு என்று நினைக்கப்பட்டதால். பாலம் எங்கே கட்டப்படாமல் இருக்கிறது என்பதும் ஒரு தீர்மானம்தான்.

பஞ்சம்

டேவிஸின் நூல்களில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருக்கிறதென்றால், நான் நகரப் புத்தகத்தைச் சொல்லமாட்டேன். 2001இல் வந்த ‘லேட் விக்ரோரியன் ஹொலோகோஸ்ற்ஸ்’ நூலைச் சொல்வேன். தமிழர்களுக்கு அது சொந்த வீட்டுக் கதை. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொன்ன 1876–78 பஞ்சம்தான் அதன் தொடக்கம்.

அந்த ஆண்டுகளில் எல் நினோ என்ற காலநிலைக் குழப்பத்தால் இந்தியா, சீனா, பிரேசில் எல்லாவற்றிலும் மழை பொய்த்தது. அதன் பிறகு 1889–91இலும் 1896–1902இலும் இன்னும் இரண்டு அலைகள். மூன்றிலும் சேர்த்து 3 கோடியிலிருந்து 6 கோடிப் பேர் வரை செத்திருக்கலாம் என்பது நூலின் கணக்கு. மழை பொய்த்தது இயற்கை. சரி. ஆனால் மழை பொய்த்தால் சனம் சாகவேண்டும் என்பது இயற்கையா?

இங்கே ஒரு ஆளின் கதை வருகிறது. ரிச்சர்ட் ரெம்பிள் என்ற ஆங்கில அதிகாரி. 1873–74இல் பீகாரிலும் வங்காளத்திலும் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, தாராளமாகப் பங்கிட்டார். பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லை. அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? "வீண்செலவுக்காரன்" என்ற வசை. அதே ரெம்பிளை, 1877இல், சென்னை மாகாணப் பஞ்சத்தில் செலவைக் குறைத்துவர வைஸ்ரோய் லிற்றன் அனுப்பினார். இந்த முறை அவர் பாடம் படித்திருந்தார். கல்லுடைக்கவும் கால்வாய் வெட்டவும் வருகிறவனுக்கு மட்டும்தான் கூலி, அதுவும் ஒரு நாளைக்கு ஒரு இறாத்தல் தானியமும் சில்லறைக் காசும். ‘ரெம்பிள் கூலி’ என்று அதற்குப் பெயரே வந்தது. அதில் 1,627 கலோரி. டேவிஸ் அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கிறார்: நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் கைதிக்குக் கொடுத்த ரேஷன் 1,750 கலோரி. இந்த ஒப்பீட்டை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

அந்த நேரம் டில்லியில் என்ன நடந்தது? 1877 ஜனவரியில் விக்ரோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க லிற்றன் தர்பார் கூட்டினார். 68,000 பேருக்கு ஒரு வாரம் விருந்து. துறைமுகங்களிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அதுவரை இல்லாத அளவில். ரயில் வந்தால் பஞ்சம் ஒழியும் என்று சொல்லியிருந்தார்கள். நடந்தது வேறு. வரண்ட மாவட்டத்திலிருந்து தானியத்தை வியாபாரியின் கிட்டங்கிக்கு ஏற்றிப்போகவும் ரயில் உதவியது. விலை ஒரே நாளில் எல்லா ஊருக்கும் ஏறவும் தந்தி உதவியது. சந்தையில் கைவைக்கக்கூடாது என்பது லிற்றனின் கொள்கை. சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு அரிசி வாங்கிவைக்கப் பார்த்தபோது அதையும் தடுத்தார்கள். சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை அந்தப் பஞ்சக் கூலிகள்தான் வெட்டினார்கள்.

அந்த வருடங்களில் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியாக நடந்து, மலையகக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களின் தொகை வழமையைவிட மிகக் கூட. மலையக மக்களின் வருகையைப் "பிழைப்புத் தேடி வந்தார்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிற பாடப்புத்தகங்களின் பக்கத்தில் இந்த நூலை வைத்துப் படிக்கவேண்டும். பிழைப்பை அவர்களிடமிருந்து யார் பறித்தது என்பதற்கு இங்கே பெயரும் திகதியும் இருக்கிறது.

முகத்துவாரம்

வறட்சியில் பொருந்துகிற வாதம் வெள்ளத்திலும் பொருந்துமா? 1998இல் வந்த ‘இக்கொலொஜி ஒஃப் ஃபியர்’ அதைத்தான் செய்கிறது. மலிபு என்ற பணக்காரக் கடற்கரை மலைப்பகுதி சில வருடத்துக்கு ஒருமுறை எரியும். எரிகிற காட்டுக்குள் வீடு கட்டுகிறார்கள். எரிந்ததும் காப்புறுதியும் அரசாங்கப் பணமும் வருகிறது. முன்பைவிடப் பெரிய வீடாகக் கட்டுகிறார்கள். அதே நகரத்தின் ஏழைத் தொடர்மாடிகளில் தீப்பிடித்துப் பிள்ளைகள் செத்தால் செய்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். மலிபுவை எரியவிடலாம் என்று டேவிஸ் தலைப்பே வைத்தார். கோபத்தில் எழுதிய தலைப்பு, ஆனால் கணக்குப் பார்த்து எழுதிய அத்தியாயம்.

நம்மிடம் இதற்கு ஈடாக இருப்பது மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம். மாரி மழைக்கு மேற்கிலிருந்து வெள்ளம் வாவிக்குள் இறங்கும். பாலமீன்மடுப் பக்கம் கடலும் வாவியும் சேருமிடத்தில் மணல் அடைத்திருக்கும். அதை வெட்டித் திறந்தால் தண்ணீர் கடலுக்கு ஓடும். திறக்காவிட்டால் வாவி ஏறி வயலுக்குள்ளும் தாழ்ந்த குடியிருப்புக்குள்ளும் வரும். கேட்பதற்கு எளிது, வெட்டிவிட வேண்டியதுதானே? படுவான்கரை விவசாயி அப்படித்தான் சொல்வான். மார்கழியில் பெரும்போகப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது; இன்னும் சில நாள் நின்றால் அழுகும். ஆனால் வாவியில் தோணி போட்டு இறால் பிடிக்கிற மீனவனைக் கேளுங்கள். அவசரப்பட்டு வெட்டினால் தண்ணீர் ஒரேயடியாக இறங்கும், வளர்ந்து வருகிற இறாலும் மீனும் அதோடு கடலுக்குப் போகும், அந்தப் பருவத்து உழைப்பு போச்சு. ஆகவே வெட்டு என்று ஒரு பக்கம், பொறு என்று மறுபக்கம். கடைசியில் அதிகாரிகளும் சங்கங்களும் கூடிப் பேசி, ஒரு நாள் குறித்து, இயந்திரம் கொண்டுபோய் வெட்டுவார்கள்.

இப்போது, வெள்ளம் ஒரு வாரம் நின்றது என்றால் அது மழை நிறுத்திய வாரமா, கூட்டம் நிறுத்திய வாரமா? வானத்திலிருந்து விழுந்த நீர் இயற்கை. அது எத்தனை நாள் எந்த வீட்டுக்குள் நிற்கும் என்பதில் மனிதர் கையும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் யாருக்கு நாற்காலி? விவசாயச் சங்கத்துக்கு உண்டு, மீனவர் சங்கத்துக்கு உண்டு. வாவியோரக் கண்டல் வெட்டிய தாழ்நிலத்தில், உறுதி இல்லாத காணியில் குடிசை போட்டிருப்பவன் எந்தச் சங்கத்தில் இருக்கிறான்? வெள்ளம் முதலில் வருவது அவனுடைய அடுப்படிக்கு. டேவிஸ் படித்தவர் கச்சேரியில் முதலில் பார்க்கவேண்டியது அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களின் கையொப்பப் புத்தகத்தை.

சுனாமிக்குப் பிறகு நடந்ததும் இதே வகை. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இலங்கையில் அதிகம் செத்த மாவட்டம் அது. மருதமுனை, சாய்ந்தமருது போல வீட்டோடு வீடு ஒட்டிக் கடல்வரை நெருங்கிய ஊர்கள். பிறகு கரையோரத்தில் கட்டக்கூடாத எல்லை ஒன்று போட்டார்கள். மற்ற இடங்களில் 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர். கடல் எல்லாப் பக்கமும் ஒரே கடல்தானே என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. நாவலடியில் இருந்தவர்களுக்குத் திராய்மடுவில் வீடு கிடைத்தது. வலையும் தோணியும் கடலோரத்தில், ஆள் உள்நாட்டில். 2005இல் அறுகம்பைக்கு ஒரு பெரிய உல்லாசத்துறைத் திட்டம் போட்டார்கள், அதற்கு எதிராக அந்த ஊர் மீனவர்கள் கிளம்பினார்கள். யுத்தம் முடிந்த பிறகு பாசிக்குடாவில் ஹொட்டேல்கள் வரிசையாக எழும்பின, மீனவர் படகு இழுத்துவைக்கும் கரை ஒரு மூலைக்கு ஒதுங்கியது. மீனவன் கடலோரத்தில் தூங்கினால் ஆபத்து, வெளிநாட்டுக்காரர் தூங்கினால் அபிவிருத்தி. 200 மீற்றர் பாதுகாப்பு எல்லையின் பொருள் இதுவாகத்தான் முடிந்தது என்பது என் வாசிப்பு, மறுப்பவர்கள் உண்டு.

சேரிகளின் உலகம்

2006இல் வந்த ‘பிளனற் ஒஃப் ஸ்லம்ஸ்’ சின்னப் புத்தகம், ஆனால் அவருடைய நூல்களில் உலகமெங்கும் அதிகம் பேசப்பட்டவற்றில் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபையின் 2003 அறிக்கை ஒன்றிலிருந்து புறப்படுகிறது: உலகில் ஏறக்குறைய 100 கோடிப் பேர் சேரிகளில் வாழ்கிறார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய நகரங்கள் தொழிற்சாலைக்காகப் பெருத்தன. இன்றைய ஏழை நாட்டு நகரங்கள் தொழிற்சாலை இல்லாமலே பெருக்கின்றன. ஏன்? கிராமம் ஆளைத் தள்ளுகிறது. தள்ளிய கை எது என்று தேடினால் 1970களின் கடைசியிலிருந்து சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் கடனோடு சேர்த்துக் கொடுத்த நிபந்தனைகள் தெரிகின்றன. மானியத்தை வெட்டு, அரச வேலையைக் குறை, சந்தையைத் திற.

சில வருடங்களுக்கு முன் இதை விளக்க அரை மணி நேரம் வேண்டும். இப்போது தேவையில்லை. 2023 மார்ச்சில் நாணய நிதியத்தோடு ஏறக்குறைய 300 கோடி டொலர் உடன்படிக்கை வந்ததும், 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமானதும், கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

மட்டக்களப்பில் மும்பை போன்ற சேரி இல்லை. ஆனால் டேவிஸ் அந்த நூலில் உடைக்கிற ஒரு கட்டுக்கதை இங்கே நேரடியாகப் பொருந்துகிறது: ஏழைக்குச் சின்னக் கடன் கொடுத்தால் அவனே சுயதொழில் முதலாளியாவான் என்பது. யுத்தத்துக்குப் பிறகு நுண்கடன் கம்பனிகள் கிராமம் கிராமமாக வந்தன. பெண்களைக் குழுவாக இருத்தி, ஒருவருக்கு ஒருவர் பிணை. கிழமைக்கு ஒருநாள் மோட்டார்சைக்கிளில் தம்பி வருவார், வட்டியோடு தவணை கட்டவேண்டும். கோழி வளர்க்க எடுத்த காசு பிள்ளையின் மருந்துக்குப் போயிருக்கும்; அதை அடைக்க இன்னொரு கம்பனி; அதை அடைக்க மூன்றாவது. பிறகு மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்கு. 2018இல் அரசாங்கமே இறங்கி வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. ஏழைகளின் முயற்சியைப் புகழ்கிற பேச்சு அரசின் கடமையை ஏழையின் தலையில் கட்டுகிற வழி என்று டேவிஸ் எழுதுவதைப் படிக்கும்போது அந்தத் தவணைக் கொப்பிதான் ஞாபகம் வரும்.

எங்கே இடறுகிறார்

டேவிஸை வேதமாக எடுக்கத் தேவையில்லை. ‘இக்கொலொஜி ஒஃப் ஃபியர்’ வந்தபோது அடிக்குறிப்புகளில் பிழை, மிகைப்படுத்தல் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. சில குற்றச்சாட்டுகள் அவரைப் பிடிக்காத காணி வியாபாரத் தரப்பிலிருந்து வந்தவை, சில உண்மையான பிழைகள். அவர் எண்களை மேற்கோள் காட்டமுன் ஒருமுறை சரிபார்ப்பது நல்ல பழக்கம். இன்னொன்று, எல்லாம் அழிந்துபோகப் போகிறது என்ற தொனி. ‘பிளனற் ஒஃப் ஸ்லம்ஸ்’ஸில் சேரிச் சனம் அடிவாங்குகிறது, அடிவாங்குகிறது, இன்னும் அடிவாங்குகிறது, அவர்கள் கூடிப் பேசி ஏதாவது செய்ததாகத் தேடிப் பிடிக்கவேண்டும்.

இதற்கு எதிர் உதாரணம் அம்பாறையிலேயே இருக்கிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் 1949இல் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை, கீழே குடியேற்றம். வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், வால்பகுதியில் தமிழ், முஸ்லிம் விவசாயிகள். தலைப்பில் இருப்பவன் வேண்டிய அளவு எடுப்பான், வாலுக்கு மிச்சம் வந்தால் உண்டு. டேவிஸ் எழுதியிருந்தால் இந்த இடத்தோடு முடித்திருப்பார். ஆனால் 1980களின் தொடக்கத்தில் இடதுகரையில் விவசாயிகள் குழுக்களாகச் சேர்ந்து, குளத்தில் தண்ணீர் குறைந்திருந்த சிறுபோகத்திலேயே முறைவைத்துப் பங்கிட்டு வாலுக்கும் நீர் விட்டார்கள். தலைப்புச் சிங்கள விவசாயி வால்பகுதித் தமிழ் விவசாயிக்காகத் தன் மடையை அடைத்தான். அது நீடித்ததா, எவ்வளவு நீடித்தது என்பதெல்லாம் தனிக் கதை. பிறகு வந்த காலம் என்ன காலம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நடந்தது.

மூன்றாவது சிக்கல் நம்முடையது. கிழக்கில் வர்க்கத்தைப் பற்றிப் பேச வாய் திறந்தாலே இனம் குறுக்கே வந்து நிற்கும். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி நிதியில் 500 வீடுகள் கட்டினார்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுப்பதா என்று எதிர்ப்பு, வழக்கு. இன விகிதப்படி பகிரவேண்டும் என்று நீதிமன்றத் தீர்ப்பு. வீடுகள் வருடக்கணக்கில் ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடந்தன. வீடிழந்த குடும்பமோ வாடகைக்கும் உறவினர் வளவுக்கும் அலைந்தது. இதை வெறும் வர்க்கக் கண்ணாடியால் பார்த்தால் பாதி தெரியாது; இனக் கண்ணாடியால் மட்டும் பார்த்தால், மூன்று இனத்திலும் வீடில்லாதவன் யார் என்ற கேள்வி காணாமல் போகும். டேவிஸுக்கு இது தெரியாததல்ல. லத்தீன் அமெரிக்க மக்கள் அமெரிக்க நகரங்களை எப்படி மாற்றினார்கள் என்று 2000இல் தனி நூலே எழுதினார். ஆனால் காணிக் கச்சேரியில் இனவிகிதம் பேசுகிற ஊருக்கு அவருடைய கருவியைக் கொஞ்சம் தீட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது

ஆங்கிலம் ஓரளவு வாசிக்க முடிந்தால் பஞ்ச நூலின் முதல் இரண்டு அத்தியாயங்களோடு தொடங்குங்கள். அவை கதை போல ஓடும், மனிதர்கள் நமக்குத் தெரிந்த மண்ணில் நடக்கிறார்கள். நடுவில் வருகிற எல் நினோ விஞ்ஞானப் பகுதி இழுக்கும், அதை முதல் தடவை தாண்டலாம். அடுத்தது சேரி நூல், இருநூறு சொச்சப் பக்கம்தான். ‘சிற்றி ஒஃப் குவார்ட்ஸ்’ கடைசிக்கு இருக்கட்டும்; அதில் கோட்டை அத்தியாயத்தை மட்டும் முதலில் எடுத்து, பிறகு வீட்டுச் சொந்தக்காரர் அத்தியாயத்துக்கு வாருங்கள். பத்திரிகைக் குடும்பங்களின் வம்சாவளியைப் பொறுமை உள்ளவர்கள் படிக்கட்டும். பக்கத்தில் ஒரு மாவட்ட வரைபடம் வைத்துக்கொள்வது உதவும். எந்த ஊருக்கு எந்த ஆண்டு பாலமும் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு அதில் பென்சிலால் குறித்துப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் கேட்பதைவிடப் பஸ் தரிப்பிடத்தில் கேட்டால் சீக்கிரம் பதில் கிடைக்கும்.